‘அங்க போய் பாத்துக்கலாம்’ என்ற தோட்டம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று என் ஓரகத்தி விட்டுவிட்டுப் போனது. நால்வரையும் பூ கட்டித்தான் வளர்த்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் போகிற தெருவில் பூக்கார ராஜம்மா என்றால் குழந்தையும் கை காட்டும்.

எனக்கு என் பெயர் எழுத வரும், பஸ் போர்டு படிக்க வரும். அதற்குமேல் வராது. அதனால் நான் சொல்கிறேன், என் பேத்தி தாரிணி எழுதுகிறாள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்கள் எத்தனையோ கேட்கிறார்கள்: நார் எப்படி நனைக்க வேண்டும், மல்லி எத்தனை நாழி தாங்கும் என்று. அதெல்லாம் கை வைத்தால் வந்துவிடும். நான் சொல்லப் போவது, என் கையில் ஒரு பூகூட இல்லாமல் ஒரு கல்யாணத்தின் முன்னால் நின்ற கதை.

1. தெர்மாகோல் பெட்டி

ஜரீனா பீ பெரிய காஞ்சிபுரத்து ஜரிகை வியாபாரி வீட்டு அம்மாள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சேரா கட்டுவார்கள். நெற்றியில் ஒரு ஜரிகைப் பட்டை, அதிலிருந்து முகத்தை மறைத்துத் தொங்குகிற பூச்சரங்கள், அதுதான் சேரா. அந்த வீட்டுச் சேரா எங்கள் கைதான். ஜரீனா பீயின் வீட்டுக்காரருக்கு என் மாமியார் கட்டினாள். மூத்த பிள்ளைகள் இருவருக்கும் நான் கட்டினேன்.

கடைசிப் பிள்ளை இம்ரான் ஜப்பானில் வேலை பார்க்கிறான். அங்கேயே குடியிருக்கும் ஆம்பூர்க்காரர் ஒருவருடைய பெண்ணைப் பார்த்து நிச்சயம் செய்தார்கள். நிக்காஹும் அங்கேதான். அதற்கு முன்பே ஜரீனா பீயின் வீட்டுக்காரர் பாய் தவறிவிட்டார். படுக்கையில் இருக்கும்போது, “இம்ரானுக்கும் ராஜம்மா கையால சேரா” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஜரீனா பீ என் கடைக்கு வந்து நின்றாள்.

“ராஜம்மா, பாஸ்போர்ட் எடு. நீ வரலேன்னா நானும் போவல.”

“நான் வண்டலூரே தாண்டினது இல்ல பீபி.”

“நான் மட்டும் தெனம் ஏரோப்பிளேன்ல போய் கறிகாய் வாங்கினு வரேனா? கெளம்பு.”

வாலாஜாபாத் பக்கத்துத் தோட்டத்தில் அன்று காலை பறித்த மல்லி மொட்டு. ஈரத்துணி விரித்து, ஐஸ் வைத்து, தெர்மாகோல் பெட்டியில் போட்டேன். வாழை நாரைத் தனியாகச் சுருட்டி வைத்தேன். விமானத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் தூங்கவில்லை. பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜரீனா பீ தூக்கத்திலும் தஸ்பி மணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

இறங்கிய ஊரில் ஒரு மேஜைக்கு முன்னால் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அந்த அதிகாரி சின்ன வயதுப் பையன். பூவைப் பார்த்தான், நாரைப் பார்த்தான், தலையை ஆட்டினான். வெளியூர்ப் பூ, செடி, நார், எதுவும் அந்த நாட்டுக்குள் போகக் கூடாதாம். பூச்சி வந்துவிடுமாம். சட்டம் அப்படி. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து கும்பிட்டு, உள்ளே கொண்டுபோய்க் கொட்டினான். அத்தனை மரியாதையாக என் பூவை யாரும் குப்பையில் போட்டதில்லை. காலிப் பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தான்.

2. பாத்துக்கலாம்

வெளியே இம்ரான் காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

“விடுங்க அம்மீ. சேரா இல்லாம எத்தன பேர் கல்யாணம் பண்ணிக்கறாங்க.”

ஜரீனா பீ நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். “உங்க அத்தா கேட்டது அது ஒண்ணுதான்டா. எனக்கு நகை கேக்கல, வீடு கேக்கல. அவருக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?”

“இம்ரானு, இங்க பூக்கடை இல்லையா பா?” என்று நான் கேட்டேன்.

“இருக்குது பூ ஆயா. எல்லாம் நீட்டு நீட்டுக் குச்சியோட கொத்துக் கொத்தா விப்பாங்க. சரம் கட்டற பூ கெடைக்காது.” அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. “பூதானே? நாளைக்கு காலையில பொண்ணு வீட்டுக்காரங்க நம்பள ஒரு தோட்டத்துக்கு கூப்ட்டு இருக்காங்க. ராஜா காலத்து தோட்டம். இப்போ பூ சீசன், மரம் பூரா பூவாவே இருக்கும். அங்க போய் பாத்துக்கலாம்.”

எனக்கு உயிர் வந்தது. எங்கள் ஊரில் ‘பாத்துக்கலாம்’ என்றால் வேலை ஆகிவிடும் என்று அர்த்தம். அதிலும் பூந்தோட்டம் என்கிறான். பூந்தோட்டம் என்றால் விடிவதற்குள் போய்ப் பறிக்கிற இடம். எங்கள் தொழிலில் வேறு அர்த்தம் கிடையாது.

மறுநாள் சாயங்காலம் நிக்காஹ். காலையில் காரில் ஏறும்போது நான் பெட்டியையும் தூக்கிக்கொண்டேன்.

“காலிப் பெட்டிய எதுக்கு ஆயா தூக்கினு வரீங்க?”

“வரும்போது காலியா வராது, நீ வண்டிய எடு.”

அவன் டிபனுக்கு என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

3. மரத்தில் வைத்த கை

அந்த மாதிரி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. நடுவில் குளம். குளத்தில் கல்லால் ஒரு சின்னப் பாலம். தரையெல்லாம் பாசி, பாய் விரித்த மாதிரி. மரங்களில் ஓர் இலை கிடையாது, பூ மட்டும். வெள்ளையில் கொஞ்சம், சிவப்பில் கொஞ்சம். பிளம் மரம் என்றான் இம்ரான். அடிமரம் பொத்தலாகி, சாய்ந்து, மூங்கில் ஊன்றுகோல் கொடுத்து நிற்க வைத்த கிழட்டு மரம்கூட உச்சிவரை பூத்திருந்தது. வாசனை மல்லி மாதிரி வந்து மோதாது. நடந்துகொண்டே இருந்தால் எப்போதோ ஒரு தரம் மூக்கில் படும்.

பெண் வீட்டார் முன்னால் போய்விட்டார்கள். ஜரீனா பீக்கு முழங்கால் வலி, அவளோடு நான் மெதுவாக நடந்தேன். போகப் போக ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. அத்தனை ஜனம், ஒருவர் கையிலும் கூடை இல்லை. அத்தனை பெண்கள், ஒருத்தி தலையிலும் பூ இல்லை. நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போகிறார்கள். பறிப்பவர்கள் விடியற்காலையில் பறித்துவிட்டுப் போயிருப்பார்களோ என்று நினைத்தேன். அப்படியானால் மரம் ஏன் நிறைந்திருக்கிறது?

யாரைக் கேட்பது? இம்ரான் எங்கேயோ போன் பேசிக்கொண்டிருந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் பூ தளரும், அது எந்த ஊரானாலும். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ந்திருந்த ஒரு வெள்ளைக் கிளையில் கை வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு சத்தம். ஒரே ஒரு வார்த்தைதான், ஆனால் குளத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

நான் விரலைப் பார்த்தேன். பூ வரவில்லை. ஓர் இதழ் மட்டும் உதிர்ந்து பாசியில் விழுந்தது.

கத்தியவள் தோட்ட வேலைக்காரி. என் வயதுதான் இருக்கும். தலையில் துணி கட்டி, முழங்காலில் உட்கார்ந்து, சின்ன அரிவாளால் பாசிக்குள் களை எடுத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். என் காலிப் பெட்டியைப் பார்த்தாள். இம்ரான் ஓடி வந்தான். அவளிடம் குனிந்தான், மறுபடி குனிந்தான், என்னிடம் திரும்பினான்.

“ஆயா! என்னா பண்ணீங்க?”

“நீதானே பா சொன்ன, அங்க போய் பாத்துக்கலாம்னு?”

“பாக்கலாம்னுதான் சொன்னேன். பறிக்கலாம்னு சொன்னேனா? இங்க பூவ பாக்கறதுக்குதான் டிக்கெட் வாங்கினு வராங்க.”

“பாக்கறதுக்கா? வெறுமனேவா?”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அந்த அம்மாளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். என்னைக் காட்டினான், தன் நெற்றியைக் காட்டினான், முகத்துக்கு முன்னால் விரல்களைத் தொங்கவிட்டுக் காட்டினான். அந்த அம்மாள் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆபீஸ் இருந்த பக்கம் வேகமாக நடந்தாள்.

“எங்கடா போவுது அது?” என்றாள் ஜரீனா பீ.

“தெரியல அம்மீ. இருக்கச் சொல்லிச்சு.”

“போலீசுக்கா?”

“தெரியல.”

நான் குளத்தோரம் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டேன் என்று காஞ்சிபுரம் முழுக்கப் பேசும். சேராவும் போயிற்று, பேரும் போயிற்று. என் கைக்காகக் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“பீபி, கேட்டாங்கன்னா நான்தான்னு சொல்லிடு. புள்ளைய விட்டுட சொல்லு. நான் உள்ள இருந்துக்கறேன்.”

“உள்ள போட்டா உனக்கு என்னா சோறு போடுவாங்கன்னு தெரியுமா? பச்ச மீனு” என்றாள். தஸ்பியை உருட்டவில்லை, இறுக்கிப் பிடித்திருந்தாள்.

4. ஓட்டையோடு வந்த பூ

அந்த அம்மாள் திரும்பி வந்தாள். கூடவே டை கட்டிய ஓர் ஆள். அவர் நிறைய நேரம் பேசினார். இம்ரான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். எனக்கு அந்தப் பேச்சு முடிகிற மாதிரியே தெரியவில்லை.

“ஆயா, மரத்துல இருக்கற பூவ யாரும் தொடக் கூடாதாம். இந்த அம்மாவே தொடக் கூடாதாம். ஆனா குளத்துக்கு அந்தப் பக்கம் வேற ஒரு மரம் இருக்குதாம். அதுல உதுர்ற பூவ பெருக்கி உரக்குழில கொட்டறாங்க. இன்னிக்கி இன்னும் பெருக்கல. வேணும்னா எடுத்துக்கோங்கன்றாரு.”

போய்ப் பார்த்தோம். கெட்டியான பச்சை இலை, ரத்தச் சிவப்புப் பூ. இதழ் இதழாக உதிராமல், முழுப் பூவாக மல்லாந்து கிடந்தது பாசிமேல். மரத்திலேயே இருக்கிற மாதிரி புதுசாக இருந்தது. கமேலியா என்றான் இம்ரான்.

எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. கீழே விழுந்த பூவை நான் கட்ட மாட்டேன். பவளமல்லி ஒன்றைத்தான் தரையிலிருந்து எடுப்போம். மற்றது எதுவானாலும், ஒற்றை மொட்டு கை தவறி விழுந்தால்கூடத் தள்ளிவிடுவேன். மாமியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. மாப்பிள்ளை முகத்தில் தொங்குகிற பூவை மண்ணிலிருந்து எடுப்பதா?

“பீபி, இது விழுந்த பூ.”

ஜரீனா பீ குனிய முடியாமல் நின்றபடியே பார்த்தாள். அவளும் யோசித்தாள். இம்ரான் கடிகாரத்தைப் பார்த்தான்.

நாங்கள் பேசுவது அந்த அம்மாளுக்கு என்ன புரிந்திருக்கும்? எனக்குக் கட்டத் தெரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ. உட்கார்ந்து ஒரு பூவை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அடியில் ஓர் ஓட்டை. அந்தப் பூ விழும்போது நடுக்காம்பு மரத்திலேயே நின்றுவிடுகிறது, பூ வளையம் மாதிரி கழன்று வருகிறது. பைன் மரத்து ஊசி இலை ஒன்றைப் பொறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாள். கோத்துவிட்டுத் தன் கழுத்துக்கு நேரே பிடித்து, இடுப்பு உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினாள்.

“சின்னப் பொண்ணா இருக்கும்போது இப்டிதான் கோத்து மாலை போட்டுப்பாங்களாம்” என்றான் இம்ரான்.

நான் ஒரு பூவை எடுத்துப் பார்த்தேன். ஊசி குத்தாத பூ. காம்பு கிள்ளாத பூ. யாரோ எனக்காக முன்கூட்டியே துளை போட்டு வைத்த மாதிரி இருந்தது.

“ராஜம்மா,” என்றாள் ஜரீனா பீ, “நீ கைய வெச்சது விழல. கைய வெக்காதது வந்துச்சு. எடு.”

அவளே கைப்பையைத் திறந்தாள். சேராவின் நெற்றிப் பட்டைக்கென்று ஜரிகைக் கண்டு ஒன்று அதில் இருந்தது. நார்தான் போயிற்றே, ஜரிகையிலேயே கோக்க வேண்டியதுதான். அந்த அம்மாள் பொறுக்கிக் கொடுத்தாள், நான் பெட்டியில் அடுக்கினேன். இதழில் விரல் பட்டால் அந்த இடம் பழுத்துவிடுகிறது என்று எடுத்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் அடியைப் பிடித்தே எடுத்தோம்.

முதல் சரத்தை அங்கேயே கோத்து, அந்த அம்மாள் தலைத்துணியைச் சுற்றிக் கட்டிவிட்டேன். டை கட்டிய ஆள் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

5. முகம் தெரிந்த மாப்பிள்ளை

பூ கனம். நெருக்கிக் கட்டினால் பட்டை அறுந்துவிடும். அதனால் சரங்களை எட்ட எட்டத் தொங்கவிட்டேன். மல்லியில் கட்டினால் மாப்பிள்ளை முகம் துளியும் தெரியாது. இதில் நன்றாகவே தெரிந்தது. நான் கட்டியதிலேயே மிக எளிய சேரா அதுதான். ஆம்பூர்க்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று கடைசிவரை சுவரோரம் நின்றேன். ஒரு பூ கழன்றாலும் என் மானம் போய்விடும் என்று ஒவ்வொரு சரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் கழலவில்லை. ஆனால் அத்தாவின் பேரைச் சொல்லி துவா கேட்டபோது, சேரா வேண்டாம் என்ற இம்ரானின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மல்லிச் சேராவாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜரீனா பீ என் காதில் சொன்னாள்: “பாரு. வேணாம்னு சொன்ன மூஞ்சிய பாரு.”

ஊருக்கு வந்து கடையில் உட்கார்ந்துவிட்டேன். பெருமாளுக்கு இன்றைக்கும் விழுந்த பூவைக் கட்டுவதில்லை, அதில் மாற்றம் இல்லை. ஆனால் தாண்டிப் போவதும் இல்லை. குனிந்து எடுத்து, திருப்பி ஒரு தரம் அடியைப் பார்த்துவிடுகிறேன். தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாராவது ‘பாத்துக்கலாம்’ என்றால், எதை, யார், எப்படிப் பார்ப்பது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிளையில் கை வைத்த பிறகு என்றால், கேள்வி கேட்கிற இடத்தில் வேறு யாரோ நிற்பார்கள், பதில் சொல்கிற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

போதும் தாரிணி, பேனாவை வை. எங்கே, மேலே இருந்து படி. எனக்குப் படித்துப் பார்க்க வராது, காதால் பார்த்துக்கொள்கிறேன். காலியாகப் போன பெட்டியில் பூ அடுக்கினேன் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? அந்த இடத்தை மட்டும் மெதுவாகப் படி.