முள் எடுத்துக் கொடுத்த தாதா

1. வந்த படம்

வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுவது என் தொழில். அருப்புக்கோட்டையில் வீட்டிலிருந்தே எழுதுகிறேன். அதுவரை டிவி தொடர்களில் மற்றவர்களுக்கு உதவியாகத்தான் எழுதியிருந்தேன். முழுப் படமாக என் கைக்கு முதலில் வந்தது ஒரு ஹாங்காங் தாதா படம். ஊரில் டிவிடி கடைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது. அட்டையில் கோட்டு சூட்டும் துப்பாக்கியும். படத்திலோ தாதாக்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், எழுந்து வேறு இடத்துக்குப் போய் மறுபடி பேசுகிறார்கள். சண்டை வருவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

சென்னை ஸ்டூடியோ மேனேஜர் தயாளன் போனில் சொன்னார்: "படம் டல்லு மேடம், எனக்கே தெரியும். பேசுற சீன் எல்லாத்துலயும் பஞ்ச் டயலாக் போட்டுத் தள்ளுங்க. டிவிடி வாங்குனவன் பாதில ஆஃப் பண்ணக் கூடாது. உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ரைட்டர் ரெடியா இருக்காரு."

முடியாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. எழுதத் தொடங்கினேன்.

சிக்கல் ஒரு சீனில் வந்தது. அண்ணன் தாதா, தம்பியை ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொல்கிறான். தம்பியைச் சுடுவதற்கு அந்த அண்ணனே ஏற்பாடு செய்த ஆள் வெளியே நிற்கிறான். அண்ணன் மெதுவாக, நீளமாகப் பேசுகிறான். எனக்குக் கொடுத்த ஆங்கில டயலாக் லிஸ்டில் "எப்படி இருக்கிறாய், உட்கார்" என்பதோடு சரி. அதற்குக் கீழே, மிரட்டலாகப் பேசுகிறான் என்று ஒரு குறிப்பு. ஆனால் அந்த நடிகரின் முகத்தில் மிரட்டலே இல்லை. அவர் என்ன பேசுகிறார் என்று தெரியாமல் பஞ்ச் எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன்.

2. பந்தல்குடி பரோட்டாக் கடை

என் கணவர் லாரி ஓட்டுகிறவர். தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடிப் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் சாப்பிடுவார். கடைக்காரர் அமீது பாய், ஹாங்காங்கில் கீழக்கரைக்காரர்கள் நடத்திய ரத்தினக்கல் வியாபார ஆபீசில் வெகுகாலம் சமையல் வேலை பார்த்தவர். அது நினைவுக்கு வந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மதியக் கூட்டம் குறைந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அவுக பேச்சு எனக்குக் கொஞ்சம்தாம்மா தெரியும். மார்க்கெட்டுல பேசிப் பழகுனது. மீனு, அரிசி, வெல, அப்புறம் வசவு" என்றார் பாய்.

"தெரிஞ்ச மட்டும் சொல்லுங்க பாய்" என்று லேப்டாப்பில் அந்த சீனை ஓடவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்களும் எட்டிப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் ஒருவர் கேட்டார், "இது அடியாளு படமா, சம்பந்தம் பேசுற படமா?"

பாய் சிரிக்கவில்லை. திரையை நிறுத்தச் சொன்னார். "இவன் எப்படி இருக்கேன்னு கேக்கல. 'சிக் ஜோ ஃபான் மேய்'ங்கிறான். சாப்ட்டியான்னு அர்த்தம். அங்கன காலைல மார்க்கெட்டுக்குப் போனா எல்லாரும் என்னைய அதைத்தான் கேப்பாக."

"அதுக்கப்புறம்?"

மறுபடி மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டார். "மீனு சூடா இருக்கு, மொதல்ல சாப்புடுங்கிறான். முள்ளு எடுத்துத் தரட்டான்னு கேக்குறான். சின்னதுல தொண்டையில முள்ளு சிக்கி நீ அழுதியேங்கிறான். நடுவுல ரெண்டு வார்த்த எனக்குப் புரியலம்மா. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

எனக்கு அது போதும். கொல்லப் போகிறவன் தம்பிக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கிறான். அந்தப் படத்தில் உருப்படியாக இருந்த ஒரே இடம் அதுதான். அதைப் பஞ்ச் டயலாக்கால் மூடுவதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே உறுதி செய்துகொண்டேன்.

3. மைக்குக்கு முன்னால்

ரெக்கார்டிங் நாளன்று சென்னைக்குப் போனேன். தயாளன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பஞ்ச் எங்க மேடம்? மீன் கொழம்பு சீன் மாதிரி இருக்கு."

"சார், அந்த பாஷை தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டேன், அவன் பேசுறதே இதுதான். ஒரு டேக் எடுத்துப் பாருங்க. சரியில்லேன்னா இங்கனயே உக்காந்து நீங்க கேக்குற மாதிரி மாத்தித் தாரேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாட்டாலும் பரவாயில்ல." சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தாதாவுக்குக் குரல் கொடுத்தவர் கோபால் சார், பழைய நாடக நடிகர். முதல் டேக்கில் லிப் சிங்க் தட்டியது. திரையில் நடிகரின் உதடு வரியின் முடிவில் மூடித் திறக்கிறது. நான் எழுதியதோ "முள்ளு எடுத்துத் தரேன்". கடைசிச் சொல்லில் உதடு ஒட்டவே ஒட்டாது.

தயாளன் கடிகாரத்தைப் பார்த்தார். ப, ம வரும் முடிவு வேண்டும். வாய்க்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னேன், "கோபால் சார், 'முள்ளு எடுத்துத் தரவாப்பா'ன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். உதடு சேர்ந்தது. உதட்டுக்காகச் சேர்த்த அந்த 'ப்பா'வில் அண்ணனின் பாசமும் சேர்ந்து வந்தது. சவுண்ட் இன்ஜினியர் இன்னொரு டேக் கேட்காமல் அதையே வைத்துக்கொண்டார்.

தயாளன் பாராட்டவில்லை. "ஓகே. அடுத்த லூப்" என்று அடுத்த துண்டு வசனத்துக்குப் போனார். பிறகு, "சண்டைக்கு முன்னாடியாவது ஒரு பஞ்ச் குடுங்க" என்றார். அங்கே அது பொருந்தியது, மனதாரவே எழுதிக் கொடுத்தேன்.

4. கடைக்கு வந்த பிறகு

டிவிடி வெளிவந்ததும் அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு கடையில் விசாரித்தேன். "படம் போகுதாண்ணே?"

"எங்கம்மா போகுது. அட்டையில துப்பாக்கியப் பாத்து வாங்குறாய்ங்க, மறுநாளு வந்து என்னைய வையுறாய்ங்க."

வசனம் எழுதியது நான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு சீனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. வருத்தம் இருந்தது. ஆனால் அடுத்த படத்தை அனுப்பும்போது தயாளன் சொன்னார், "படத்தோட பாஷை தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா முதல்லயே உக்கார வச்சுக்குங்க மேடம். ஆங்கில லிஸ்டை நம்ப வேணாம்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நல்ல படத்தில் நம் வசனம் சற்றுத் தடுமாறினாலும் மற்றதெல்லாம் அதைத் தாங்கிக்கொள்ளும். மோசமான படத்தில் நம்மைத் தாங்க எதுவும் கிடையாது. ஆகவே கூடுதலாக உழைக்க வேண்டியது மோசமான படத்துக்குத்தான்.