என் தலைக்கு மேல் மரப்பஞ்சு

இந்த வீட்டுச் சுவரில் கை வைத்தால் சூடும் இல்லை, குளிரும் இல்லை. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது. உள்ளே நான் வெறும் சேலையோடு உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று மகள் செல்வியிடம் கேட்டேன். "மரந்தாம்மா. பஞ்சாட்டம் பிரிச்சு, பலகையா அழுத்தி அடைச்சிருக்கு" என்றாள். இங்கே ஜெர்மனியில் அந்தப் பலகை செய்கிற கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய கை இது. அங்கே வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிட முடியாது. மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, மரத்தூளை வெளியே கொட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்; ஒரு பொறி பட்டால் போதும். இங்கே அதையே சுவருக்குள் திணித்து, பக்கத்தில் கட்டிலும் போட்டிருக்கிறார்கள்.

அவர்கள் வீடு, அவர்கள் பாடு என்று இருந்திருப்பேன். செல்வி கேட்டதோ என் வீட்டை. எங்கள் வெயிலில் பலகை எப்படி நிற்கிறது என்று பார்க்க, கோவில்பட்டியில் நான் கட்டிய காங்கிரீட் வீட்டின் கூரைக்கு அடியில் பதிக்க வேண்டுமாம். அங்கே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது.

அவளுடைய மேலதிகாரி, வெள்ளை மீசைக்காரர், ஒரு பலகையோடு வந்தார். மருந்து கலந்திருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கூட், கூட்!" என்று அவர்கள் பாஷையில் மெச்சி, பலகையை எனக்கே கொடுத்துவிட்டார்.

"வாசம் ஒனக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சிட்டாவ" என்று செல்வி சிரித்தாள்.

"சந்தேகப்பட்டு மோந்தேன்ட்டி. இவிய நம்ம ஊர்ல சித்திர மாசம் ஒரு மத்தியானம் படுத்திருப்பாவளா?"

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் பலகையின் ஓரத்தைப் பிய்த்து, ஹீட்டர்மேல் காயவைத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த தீக்குச்சியைக் கிழித்து வைத்தேன். குப்பென்று பற்றவில்லை. சிவந்து, உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டு போனது. புகைக்குக் கூரையில் இருந்த மணி அலறியது. கீழ்வீட்டுக்காரி ஓடிவந்தாள். குளிருக்கு நெருப்பு மூட்டினேன் என்று நினைத்தாள் போல. சாயங்காலம் ஒரு கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனாள்.

செல்வி வந்து கருகிய தொட்டியைப் பார்த்தாள். "என்ன நம்பலையாம்மா?"

"ஒன்ன நம்புதேன். பலகையத்தான் நம்பல."

"பலகையச் செஞ்சதே நாந்தானே? பிரிச்சுப் போட்டா கனியத்தான் செய்யும். அழுத்துன பலகைன்னா மேலாப்புல மட்டும் கருகி நின்னுக்கும். அதுக்கு மேல சாந்து பூசுதோம். கரையான் அரிக்காம இருக்க ஒரு உப்பும் சேத்திருக்கு."

பிய்த்தது போக மிச்சமிருந்த பலகையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"கைப்பிள்ளைக்காரி தலைக்கு மேல வைக்க விடமாட்டேன். பூட்டிக் கெடக்குற மாடி ரூம்ல வை. அங்க நான் போய்ப் படுக்கேன். ஒரு கோடையும் ஒரு மழையும் கழியட்டும்."

"அப்போ என்ன விட்டுட்டுப் போறியா?"

"ஒன் பலகைகூடத்தானட்டி இருக்கப் போறேன்."

பலகைகள் கப்பலில் போய்க்கொண்டிருக்கின்றன. நான் பெட்டி கட்டிவிட்டேன். கட்டிலில் தலை வைக்கிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் ஒரு சாண் பதிக்காமல் விடச் சொல்லியிருக்கிறேன். சூட்டை அளக்கிற கணக்கு கெட்டுப்போகும் என்கிறாள் செல்வி. கெடட்டும். கண் விழித்ததும் நடுவில் என் காங்கிரீட் தெரிய வேண்டும். சுற்றிலும் என் மகள் ஊர் மரம் இருந்துவிட்டுப் போகட்டும்.