ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு

இன்று காந்திபுரத்தில் எனக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம். பில் போடும் இடத்தில் போன் நம்பர் கேட்டார்கள், சொன்னேன்.

பக்கத்தில் நின்ற வருங்கால மாமியார் விரல் விட்டுக் கூட்டினார். முகம் சுருங்கிவிட்டது.

"ஏனம்மணி, கூட்டுனா எட்டு வருதே! அது நம்ம ஊட்டுக்கு ஆகாது. கல்யாணத்துக்குள்ள நம்பர மாத்திப்போடு கண்ணு."

நான் கணக்கு டீச்சர். சும்மா இருக்க முடியுமா?

"எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும், இலக்கங்களக் கூட்டிக்கிட்டே போனா ஒன்பதால வகுத்த மீதிதானுங்க அத்தை வரும். ஒன்பது பேர்ல ஒருத்தருக்கு எட்டு வரத்தானுங்க செய்யும்."

"அதையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வெச்சுக்க கண்ணு. எம்பையன் நம்பரப் பாரு, ஒம்பது! ராசியான நம்பரு."

'கண்ணு, கண்ணு' என்று சொல்லிக்கொண்டே குத்த எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

கூட வந்திருந்த அவர் மகனைப் பார்த்தேன். அவர் வாயே திறக்காமல் புடவைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வந்தால், ஒன்பதால் வகுக்கும்போது மீதி ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். ஆளைப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நம்பரை மாற்றுவதாக இல்லை. வேறு எதை மாற்றலாம் என்று கமெண்டில் சொல்லுங்கள்.