ஃப்ரீடர் க்னாப்பின் இரண்டாவது பீப்பாய்

நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில், வாசலில் விளக்குமாறு நின்றால் ஒயின் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கடை என்பது திராட்சைக்காரர் வீட்டுக் கூடம்தான். கணப்பு கனன்றுகொண்டிருக்கும், முன்பின் தெரியாதவரோடு தொடை உரச உட்கார்ந்து, வீட்டுக்காரர் சொந்தமாகப் பிழிந்ததைக் குடிக்க வேண்டும். அடுத்தவர் ஒயினை விற்றது தெரிந்தால் அந்த வீட்டு வாசலில் பிறகு விளக்குமாறு நிற்காது.

ஃப்ரீடர் க்னாப் இந்தத் தொழிலில் பழுத்தவர். வருஷத்துக்கு இரண்டு தடவை, சில வாரங்கள், விளக்குமாற்றுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்துவார். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. அந்தக் குஞ்சத்துக்குள்ள மரியாதை மேயருக்குக் கிடையாது.

அவர் நிலவறையில் இரண்டு பீப்பாய்கள். ஆற்றோரத் தாழ்வில் விளைந்தது வந்தவர்களுக்கு. ஒரு மடக்கில் பல் கூசும். இரண்டாவது மடக்கில் இறந்துபோன உறவினர்கள் நினைவுக்கு வருவார்கள். செங்குத்துச் சரிவில் விளைந்தது ஃப்ரீடருக்கு. இந்த ஏற்பாடு அவருக்கும் மனைவி லோரேவுக்கும் மட்டுமே தெரியும். இதை ஏமாற்று என்று அவர் நினைக்கவில்லை. நல்ல நாக்கு எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்று. சீசன் முடிந்து, விருந்தாளிப் பீப்பாய் வறண்டுவிட்டது. தெரு பெருக்கும் முறை ஃப்ரீடருடையது. எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகாதவனை மன்னிப்பார்கள். தெரு பெருக்காதவனை மன்னிப்பதில்லை. பாதியில் தொலைபேசி அடித்தது. விளக்குமாற்றை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனார். பேசியது வாய் ஓயாத அவருடைய அக்காள். எனவே அவர் திரும்பி வந்தபோது கூடம் நிரம்பியிருந்தது.

"கடை இல்லய்யா. தெருவப் பெருக்கிட்டிருந்தேன்."

எதிர்வீட்டு அல்பிரெக்ட், அவரும் திராட்சைக்காரர்தான், தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு நடுநாயகமாக அமர்ந்திருந்தார். "வாசல்ல விளக்குமாறு நிக்குதா இல்லையா?"

"ரிப்பன் கட்டலையே."

"ரிப்பனையா குடிக்கப் போறோம்? ஊத்துய்யா."

விளக்குமாற்றை நம்பி வந்தவரைத் தாகத்தோடு அனுப்புவது எங்கள் ஊரில் கொலைக்கு ஒரு படிதான் கீழே. லோரே காதருகே வந்தாள். "அந்தப் பீப்பாய்தான் இருக்கு."

"கொஞ்சம் தண்ணி கலந்தா?"

"வாயக் கழுவுங்க."

ஊற்றினார். அல்பிரெக்ட் மோந்தார், குடித்தார், சந்தேகத்தோடு இன்னொரு மடக்குக் குடித்தார்.

"இது உன் ஒயின் இல்ல."

"என்ன சொல்ற?"

"உன் ஒயின் எனக்குத் தெரியாதா? என் நெஞ்செரிச்சலே அதுதானே. இத எங்கேயிருந்து வாங்கின?"

எல்லாத் தலைகளும் திரும்பின. கஞ்சன் என்று பெயர் வாங்குவதா, விளக்குமாற்றையே இழப்பதா? ஃப்ரீடர் எது மலிவு என்று யோசித்தார்.

"என்னோடதுதான். சரிவுல விளைஞ்சது."

"அப்ப இத்தன வருஷமா அத என்ன பண்ணின?"

"நான் குடிச்சேன்."

ஒருவரும் திட்டவில்லை. அங்கிருந்த மற்றத் திராட்சைக்காரர்கள் திடீரென்று மேஜைப் பலகையின் ரேகைகளை ஆராயத் தொடங்கினார்கள். அல்பிரெக்டின் மனைவி மட்டும் கணவரைத் திரும்பிப் பார்த்து, "ஏங்க, நம்ம நிலவறையில ஒரு பீப்பாய மட்டும் பூட்டு போட்டு வச்சிருக்கீங்களே" என்று ஆரம்பித்தாள். அவர் அவசரமாகக் குவளையை நீட்டினார்.

"குறை சொல்றதுக்கில்ல, ஃப்ரீடர். இன்னொண்ணு ஊத்து."

எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்லறைக் கல்லில் பொறித்துக்கொள்ளலாம். ஃப்ரீடருக்குக் காது வரை சிவந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவர் ஒயினை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. புகழும்படி அவர் யாருக்கும் ஊற்றியதுமில்லை. படியிறங்கி ஓடினார். பீப்பாயில் ஒயின் அடிமட்டத்துக்கு வந்திருந்தது.

"உங்களுக்குன்னு ஒரு ஜாடியாவது எடுத்து வைக்கட்டுமா?" என்றாள் பின்னாலேயே வந்த லோரே.

"பேசாம அந்தப் பக்கத்தத் தூக்கிப் பிடி. அல்பிரெக்ட் காத்திட்டிருக்கான்."