மூணாவது போட்ட முட்டை

எங்கள் அப்பாவுக்குக் கோழியைப் பற்றி எல்லாமே தெரிந்திருந்தது, கோழி வாங்குவதற்கு முந்தைய நாள் வரைக்கும்.

ஜெலுத்தோங்கில் எங்களுடையது மூலை வீடு. பின்னால் ஒரு கார் நிறுத்துமளவு மண் தரை சும்மா கிடந்தது. அப்பா தினமும் எதிர்காற்றுக்காக ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி, புக்கிட் தெங்காவிலிருந்த தொழிற்சாலைக்குப் போய்வருவார். மற்ற நேரங்களில் கைப்பேசியில் கோழி வளர்ப்பு வீடியோ பார்ப்பார். மூன்று மாதம் பார்த்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தாசேக் கெலுகோரிலிருக்கும் பெரியப்பா வீட்டிலிருந்து நான்கு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார். அதே பெட்டியின் மூடியைக் கிழித்து, தடித்த மார்க்கர் பேனாவால் மூன்று விதிகள் எழுதிக் கூண்டில் கட்டினார். பெயர் வைக்கக் கூடாது. வீட்டுக்குள் விடக் கூடாது. முட்டை நின்றால் கறி.

"கோழின்னா கோழி லா. கொஞ்சிக்கிட்டு இருக்கிறதுக்கு இல்ல," என்று எனக்கும் அம்மாவுக்கும் பொதுவாகச் சொன்னார். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பீய யாரு அள்ளுறது?" அதற்கு அட்டையில் விதி இல்லை.

பெயர் கூடாதென்பதால் எண் வைத்தோம். ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது, நாலாவது. ஒரே வாரத்தில் கூப்பிட்டால் அவை ஓடிவர ஆரம்பித்தன. அது பெயர் இல்லை, எண்தான் என்று அப்பா சாதித்தார்.

ஒண்ணாவது சேவலாக வளர்ந்தது. சேவல் இல்லாமல் பெட்டைகள் முட்டையே போடாது என்று அப்பா அடித்துச் சொல்லியிருந்ததால் அதற்கு வீட்டில் தனி மரியாதை. அது ஊருக்கு முன்னால் எழுந்து கூவியது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, தன்னால் தூங்க முடியவில்லை என்பதை மலாயில் மிகவும் மரியாதையாகச் சொன்னார். சேவல் பெரியப்பாவிடமே திரும்பிப் போனது. அது போன பிறகு பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டை போடத் தொடங்கின. சேவல் பேச்சை அப்பா அதற்கப்புறம் எடுக்கவேயில்லை.

ரெண்டாவதைப் பின்னாலிருந்த பெரிய லோங்காங் சாக்கடையிலிருந்து ஏறிவந்த உடும்பு கொண்டுபோய்விட்டது. அன்று சாயங்காலம் அப்பாவே மற்ற இரண்டையும் கூடையில் தூக்கிவந்து சமையலறை மூலையில் வைத்தார். "இது வீடு இல்ல, அடுப்படி," என்று விளக்கம் வேறு.

நாலாவது முட்டை போடுவதை நிறுத்தியதும், அப்பா சொன்ன சொல் தவறாமல் அதைப் பசாருக்குக் கொண்டுபோய்க் கறியாக்கிக்கொண்டு வந்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன், அதை மறைக்கப்போவதில்லை. அப்பா வயிறு ஒரு மாதிரி இருப்பதாகச் சொல்லி ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டார்.

மிச்சமிருந்தது மூணாவது. நான் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் என் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்பா மோட்டாரைத் தள்ளும்போது வாசல் கேட் வரை கூடவே நடக்கும். எனக்கு அதன் மேல் உயிர். அதுவும் ஒருநாள் முட்டையை நிறுத்தியது. அப்பா ஒரு வாரம் கூண்டிலிருந்த காலி முட்டைப் பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பெட்டியில் ஒரு முட்டை இருந்தாக வேண்டும். குளிர்பெட்டியிலிருந்த முட்டைகள் அம்மாவின் கணக்கில் இருந்தன, தொட முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அம்மா என் பள்ளிச் சாப்பாட்டில் ஒரு முட்டை வைப்பார். உரித்தால் குழையும் என்று ஓட்டோடுதான் வைப்பார். அன்று நான் அதைச் சாப்பிடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மூணாவதின் பெட்டியில் வைத்துவிட்டேன். அது வெந்த முட்டை என்பது எனக்குத் தெரியும். எப்படியும் வேகப்போகிற முட்டைதானே, முன்கூட்டியே வெந்திருந்தால் என்ன என்பது என் எண்ணம்.

அப்பா காலையில் அரைவேக்காட்டு முட்டை சாப்பிடுகிறவர் என்பதை நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அப்பா பெட்டிக்குள் முட்டையைப் பார்த்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, குவளையில் போட்டுக் கொதிநீர் ஊற்றி மூடினார். கடிகாரம் பார்த்து எடுத்தார். சாஸரின் மேல் பிடித்துக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் ஒழுகவில்லை. இன்னொரு தட்டு. பிறகு மெதுவாக ஓட்டை உரித்தார். வெள்ளை வெளேரென்று முழு முட்டை சாஸரில் உருண்டு நின்றது.

அப்பா முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மேசைக்கடியில் என் கால்களைப் பார்த்தேன்.

"ஊரு வெயிலு அப்படி லா," என்றார் அப்பா. "வயித்துக்குள்ளேயே வெந்துருச்சு."

அதன் மேல் சோயாக் கிச்சாப்பும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டு முழுவதையும் சாப்பிட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார், தோள் இரண்டும் குலுங்கின. இருமுகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்குப் பசாருக்குப் போகணுமாப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அதான் போட்டுருச்சே."

அப்பாவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அதைவிடப் பெரிய ஆச்சரியம் திங்கட்கிழமை சாயங்காலம் காத்திருந்தது. பெட்டியில் ஒரு முட்டை, பச்சை முட்டை. நான் வைக்கவில்லை. புதன்கிழமை இன்னொன்று. என்னுடைய முட்டையைப் பார்த்து மூணாவதுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

முட்டைகள் முன்பைவிடப் பெரிதாக இருந்தன. வயசாக வயசாகத்தான் கோழி பெரிதாகப் போடும் என்று அப்பா புதிதாக ஒரு கருத்து வைத்தார். அதைப் பெரியப்பாவிடம் தொலைபேசியிலும் சொன்னார். அந்தப் பக்கம் பெரியப்பா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. மழையில் அட்டை நைந்து முதல் இரண்டு விதிகளும் அழிந்துவிட்டன. மூன்றாவது மட்டும் அப்படியே இருந்தது, அப்பா அதைக் கழற்றவும் இல்லை, திருத்தவும் இல்லை. மூணாவது இன்னும் இரண்டு வருடம் எங்களோடு இருந்தது.

ஒரு சாயங்காலம் மோட்டார் சத்தம் கேட்டுப் பின்பக்கம் ஓடினேன். அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முன்பின்னாக மாட்டிய ஜாக்கெட்டோடு கூண்டுக்குள் குனிந்திருந்தார். பெட்டியின் வாயில் கை, கையில் முட்டை. மூணாவது எதிர்மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கும் போட்டுச்சாப்பா?"

அப்பா அப்படியே நின்றார். "ஆ... போட்டுச்சு, போட்டுச்சு," என்று என்னிடம் நீட்டினார். முட்டை வெதுவெதுவென்று இருந்தது. இப்போதுதான் போட்டிருக்கிறது, இன்னும் சூடு ஆறவில்லை என்று கத்திக்கொண்டே அம்மாவிடம் ஓடினேன். அப்பாவின் கை பெட்டியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்ததா, உள்ளே போய்க்கொண்டிருந்ததா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து யோசிக்க எனக்கு அப்போது தோன்றவேயில்லை.