கம்பளையில எழுப்பி விடுங்க

இன்று காலை நைட் டியூட்டி முடிந்து, கண்டியில் நுவரெலியா பஸ் ஏறினேன். கண் சொருகியது. பக்கத்தில் செக்யூரிட்டி சீருடையில் ஓர் அண்ணன்.

"அண்ணே, கம்பளையில எழுப்பி விடுறீங்களா?"

"அதுக்கென்ன தம்பி, நானும் அங்கதான் எறங்கணும். நிம்மதியா தூங்குங்க."

நிம்மதியாகத்தான் தூங்கினேன். விழித்தால் ஜன்னலுக்கு வெளியே தேயிலை. கம்பளையைத் தாண்டி புசல்லாவை!

அண்ணன் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உலுக்கினேன். பதறி எழுந்தவர், முன் சீட்டில் இருந்த முஸ்லிம் நானாவைத் தட்டினார்.

"என்ன நானா, எழுப்பி விடுறேன்னு சொன்னீங்களே?"

நானாவின் சட்டையெல்லாம் கோதுமை மா. விடிய விடிய பேக்கரியில் பாண் போட்டவர். கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்:

"கம்பளை வந்திட்டா?"

மூவரும் இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். இந்த முறை உஷாராக, பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொன்னேன். அவர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"நானும் ஃபெக்டரியில நைட் வேலை முடிச்சிட்டுத்தான் வர்றேன். நீங்க எறங்கும்போது என்னையும் எழுப்புங்க தம்பி."

கண்டிப் பக்கம் இரவில் தூங்குகிறவர் யாராவது இருந்தால் கொமெண்டில் சொல்லுங்கள். நாளைக் காலை உங்கள் பக்கத்துச் சீட் எனக்கு வேண்டும்.