சாக்கடை மூடிக்கு சிமெண்ட் பூசியவர்

என் வீட்டுக்காரருக்கு ராணுவத்தின் நிலங்களையும் கட்டடங்களையும் பராமரிக்கிற அலுவலகத்தில் மேற்பார்வையாளர் வேலை. சொல்லிக்கொள்ள கௌரவமாகத்தான் இருக்கும். காலையில் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்குள் மாட்டை ஓட்டி வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவார். மதியம் கிடங்குக் கூரையில் ஏறி ஒழுகும் இடத்தைத் தேடுவார். நடுவில் யாராவது அதிகாரி வீட்டம்மாவுக்குச் சமையலறை டைல்ஸ் பிடிக்காமல் போகும். அதைப் பெயர்த்து மாற்ற வேண்டும். பெரிய அதிகாரி யாராவது வருகிறார் என்றால் வழியிலுள்ள கல், மரம் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிப்பார். அதனால் அவருக்குப் பட்டப்பெயரே சுண்ணாம்புதான். நானும் சேர்ந்து கிண்டல் செய்தவள்தான். இப்போது அந்தப் பேரைச் சொல்லக்கூடப் பிடிக்கவில்லை.

அவருடைய தங்கை சிப்பாய்க் குடியிருப்பின் கடைசிக் கட்டடத்தில், தரைத்தளத்தில் இருந்தாள். புருஷன் எல்லையில். பிரசவமாகி, கைக்குழந்தையோடு தனியாக வந்து இறங்கினாள். எங்களோடு இரு என்று கூப்பிட்டேன்.

"அண்ணன் கூப்பிடு தூரத்துலதானே அண்ணி இருக்கு. எனக்கென்ன பயம்?" என்றாள்.

அந்த வாரம் தளபதி பார்வையிட வருவதாக இருந்தது. அவர் போகும் சாலையோரத்தில்தான் குடியிருப்பின் சாக்கடை மூடிகள். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் அந்த மூடிகள் வழியாகத்தான் சாலையில் வழியும். கழிவுநீர் லாரியை வரவழைத்துக் காலி செய்திருந்தால் வேலை முடிந்தது. ஆனால் லாரி நிற்பது பார்வைக்கு அசிங்கமாம். மேலதிகாரி அப்படிச் சொன்னதும், நம் ஆள் தானாகவே ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். மூடிகளைச் சுற்றி சிமெண்ட் பூசி அடைத்து, மேலே பூந்தொட்டி வைத்தார்கள். உள்ளே நிரம்புகிறது எங்கே போகும் என்று ஒரு ஜென்மமும் கேட்கவில்லை.

தளபதி வந்த அன்று காலை நாத்தனார் எனக்கு போன் செய்தாள். "அண்ணி, கக்கூஸ்லேருந்து எல்லாம் மேல வருது. அண்ணன் போனை எடுக்கல."

ஓடினேன். வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்கு மலம். அதில் குழந்தையின் துணிகள் மிதந்தன. அவள் கட்டில்மேல் குழந்தையை அணைத்துக்கொண்டு நின்றாள். மாடி வீடுகளில் தண்ணீர் விட விட இங்கே ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்கு வா என்றால் வரவில்லை.

"அண்ணன்கிட்ட சொல்லுங்க. அது வந்து பாத்துக்கும்" என்றாள்.

குழந்தையைப் பக்கத்துக் கட்டடத்தில் விட்டுவிட்டு, திடலோரம் நின்ற இவரைப் போய்ப் பிடித்தேன்.

"என்னங்க, ஒரு மூடியையாவது உடைக்கச் சொல்லுங்க."

"டீ குடிச்சதும் கிளம்பிடுவாரு. அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

"எதைப் பொறுத்துக்கறது? பச்ச உடம்புக்காரி, பீயில நிக்கறா."

"மெதுவா பேசு" என்று சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். இந்த மனுஷனுக்கா இத்தனை வருஷம் சோறு போட்டேன்!

தளபதி மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டார். அவர் போன பிறகுதான் மூடியை உடைத்தார்கள். அதற்குள் மெத்தை, அரிசி, புருஷன் அனுப்பிய தொட்டில் எல்லாம் பாழ். அவளையும் குழந்தையையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். சோப்பு கரையும்வரை குளித்தாள்.

சாயங்காலம் இவர் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தங்கைக்கு எதிரே உட்காரும்போதே போன் அடித்தது. மேலதிகாரி. தளபதிக்கு ரொம்பத் திருப்தியாம். குடியிருப்புப் பக்கம் ஏதாவது புகார் உண்டா என்று மேலதிகாரி கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது.

இவர் தங்கையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"இல்ல சார். ஒரு புகாரும் இல்ல சார்."

நாத்தனார் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரரைத் தள்ளிப் போகச் சொல்லுங்க" என்றாள். "நாறுது."